எங்கள் தெருவுக்கு ஓர் இங்கிலாந்து யோசனை

கல்லூரியில் நான் சரித்திரம் எடுத்துப் படித்தபோதுதான் தெரு எங்களை விலக்கி வைத்தது. பட்டுச் சேலை நெய்ய முதலாளி கொடுத்த ஜரிகையில் மிஞ்சியதை அப்பா திருப்பித் தராமல் விற்றுவிட்டார். ஒப்புக்கொண்டு ஈடும் கட்டினார். ஆனாலும் அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது, பாவுக்குக் கை கொடுக்கக் கூடாது என்று நாட்டாண்மைக்காரர் சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை.

நெய்வதற்கு முன் பாவு என்கிற நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தார் வந்து பிடிப்பார்கள். கூலி கிடையாது, அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு யாரும் வரவில்லை. வேறு முதலாளியிடம் வாங்கிய பாவு மூட்டையாகவே கிடந்தது. மாலையில் மூவரும் உட்கார்ந்து எங்களுக்குள்ளேயே பேசுவோம். அம்மா திட்டுவாள், அப்பா சிரித்து மழுப்புவார். பிறகு பேச ஒன்றும் இருக்காது. அந்த நேரம் எனக்கு அழுகையாக வரும்.

அப்போதுதான் பாடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து வந்தது. வெளுக்கப் போட்ட துணியைத் திருடினால்கூட அங்கே தூக்காம். குற்றத்தின் அளவுக்குத்தான் தண்டனை இருக்க வேண்டும், குற்றவாளியின் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெள்ளைக்காரனுக்கே உறைத்தது இவர்களுக்கு உறைக்காதா?

பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடிய அன்று போய் நின்றேன். தண்டனைக்கு ஒரு கெடு வையுங்கள், தப்பு செய்தவரோடு அதை நிறுத்துங்கள் என்று இரண்டு யோசனை சொன்னேன். என்னோடு பேசக் கூடாதே, அதனால் நாட்டாண்மைக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“பொண்ணு சொல்றது ஞாயமாத்தான் இருக்குதுபா. தப்பு பண்ணவன் ஒருத்தன். பொம்பளைங்க இன்னா பண்ணாங்க?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயும் உங்கம்மாவும் எல்லார்கிட்டயும் பேசலாம்மா. பாவுக்கு ஆளுங்க வருவாங்க. அவன் மட்டும் வெளிய வரக் கூடாது.”

கெடுவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை எங்கள் பாவைத் தெருவே பிடித்தது. அம்மா அத்தனை மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தாள். இழை அறுந்தபோது யாரோ முடிச்சுப் போட்டார்கள். அந்த வேலையை எப்போதும் அப்பாதான் செய்வார். நான் உள்ளே போனேன். அவர் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“உன்ன கூப்புட்றாங்க பாரு,” என்றார். “நீ போம்மா.”

அதுவரை விலக்கில் மூன்று பேர் இருந்தோம். என் யோசனைக்குப் பிறகு அவர் ஒருவர்தான். நான் வெளியே போனேன்.