இரண்டு அடுக்கில் ஒரு கிண்ணம்

அகழாய்வுக் கிடங்கில் அவளை எல்லோரும் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக, தோண்டும் குழிகளிலிருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் குழி எண்ணும் மண் அடுக்கின் எண்ணும் எழுதி, ஒட்ட முடிந்ததை ஒட்டி வைப்பவள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு எண்ணும் பிசகியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் அவள் பெருமை அடித்துக்கொண்டாள்?

அந்தத் தலைக்கனத்துக்கு ஒரு புதன்கிழமை காலையில் ஆபத்து வந்தது. மூன்றாம் அடுக்கில் கிடைத்த கறுப்புக் கிண்ணம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். விளிம்பில் ஒரு துண்டை மட்டும் காணோம். பக்கத்தில் எட்டாம் அடுக்குத் தட்டில் கறுப்பாக ஒன்று கிடந்தது. சும்மா எடுத்து வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்திவிட்டது.

மேலே இருக்கும் மூன்றாம் அடுக்குக்கும் ஆழத்தில் இருக்கும் பழைய எட்டாம் அடுக்குக்கும் இடையே எண்ணூறு வருடம். நடுவில் ஆள் நடமாட்டமே இல்லாத வெறும் மண். முதலில் இருந்தவர்கள் போய், எண்ணூறு வருடம் கழித்து வேறு ஜனம் வந்து குடியேறியது என்பதுதான் இயக்குநர் மேடம் எழுதி முடித்திருந்த புத்தகத்தின் உயிர்நாடி. ஒரே கிண்ணம் இரண்டிலும் எப்படிக் கிடக்கும்? அவள்தான் எண்ணை மாற்றி எழுதியிருக்க வேண்டும். ஒன்று தப்பென்றால் மற்ற ஆயிரக்கணக்கான ஓடுகளை யார் நம்புவார்கள்?

தட்டில் இருந்த சீட்டின் தேதியைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விட்டது. வீட்டுக்காரர் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று போன் வந்த நாள் அது. தட்டுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

இன்னும் பசை தடவவில்லை. துண்டை அதன் தட்டிலேயே திரும்பப் போட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. போட்டும் விட்டாள். கை கழுவப் போனவள், பாதி வழியில் திரும்பி வந்து, கிண்ணத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், திட்டுறதுன்னா திட்டிடுங்க. நான் தட்டை மாத்திட்டேன்னு நினைக்கிறேன்."

மேடம் துண்டை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சீட்டில் 'ஐந்தாம் குழி, வடக்குச் சுவரோரம்' என்று இருந்தது. குழிச் சுவரில் தெரியும் மண் அடுக்குகளைத் தாளில் வரைபவரை அழைத்தார். அவர் சாவகாசமாக வந்து தாளை மேசையில் விரித்தார்.

மூன்றாம் அடுக்கில் தொடங்கி, வெறும் மண்ணைத் துளைத்து, எட்டாம் அடுக்கு வரை ஒரு புள்ளிக்கோடு வளைந்து இறங்கியது.

"இது என்னங்க?" என்றாள்.

"எலி வளை, அக்கா. உள்ள மண்ணு பொலபொலன்னு கிடந்துச்சு, அன்னிக்கே வரைஞ்சு வெச்சேன்."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "மேலேருந்து வளை வழியா விழுந்திருக்கு. நீங்க எழுதின ரெண்டு எண்ணும் சரிதாங்க." பிறகு புத்தகக் கட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் மூன்று வரிகளைப் பேனாவால் அடித்தார். "இந்த ஒரு துண்டை நம்பி, முதல்ல இருந்தவங்களும் கறுப்புக் கிண்ணம் செஞ்சாங்கன்னு எழுதி வெச்சிருந்தேன். நாளைக்கு அச்சுக்குப் போகுது. நல்ல வேளை, வந்து சொன்னீங்க."

அப்பாடா என்று அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கிடங்குக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பசையை எடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "மனசுக்குள்ள உங்களைத்தாங்க திட்டித் தீர்த்தேன். அன்னிக்குன்னு பார்த்து விழுந்தீங்களேன்னு."

வீட்டுக்காரர் காலைத் தடவிக்கொண்டார். "அப்ப பழி எலி மேல போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"தப்பிச்சேன்டா சாமி" என்றார் அவர்.