திரை விழுங்கிய காலைக் கொழுந்து

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்தபோது, போனில் வீடியோ பார்த்துப் பைத்தன் கற்றேன். கணினித் திரையில் கட்டமும் பட்டனும் வைக்க அது சுலபமான மொழி. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறையைப் பதிய ஒரு திரை செய்து கொடுத்தேன். நிறை குறைந்தால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான்.

முதல் நாள், பகல் நிறுவையில் ஓர் அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க பொட்டி காலைக் கொழுந்த முழுங்கிருச்சே!"

வரிசையே சிரித்தது. இரண்டாவது நிறை முதலாவதை அழித்திருந்தது. கூட்ட வேண்டும் என்று நான் எழுதவேயில்லை. காலைக் கொழுந்தோ லொறியில் போய்விட்டது.

"காலைல எவ்வளவுன்னு நாங்க சொன்னா கண்டாக்கய்யா நம்புவாரா?" என்றார் அக்கா.

"மொதல்ல தப்பு என்னுதுன்னு நான் சொல்றேன்க்கா" என்றேன்.

கீழே தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கய்யாவின் பைக் சத்தம் கேட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது.