கடை இல்லாத வழி

குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, குடித்துவிட்டு அவளை வண்டியில் முன்னால் வைத்து ஓட்டி விழுந்தவன் அவன். அவள் புருவத்தின் மேல் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அவனை வீட்டுக்குள் விடவில்லை. இப்போது விட்டிருந்தேன். விட்ட பிறகுதான் பயம் ஜாஸ்தியானது. அவன் வெளியே போய் வந்தால், சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் கிட்டே போய் மோந்து பார்ப்பேன். அது அவனுக்கும் தெரியும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுவான். 

எங்கள் வீடு பாலாற்றுக்கு அந்தப் பக்கம். நான் பாலம் தாண்டி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறேன். மகளை அங்குள்ள பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவருவது என் மாமியார்தான். அன்று திருப்பத்தூரில் ஒரு சாவு என்று அவர் கிளம்பிவிட்டார். கணவர் லாரியில் வெளியூர் போயிருந்தார்.

"நான் போயி பாப்பாவ இட்டுனு வரட்டுமா?" என்றான் அண்ணன்.

வேறு ஆள் இல்லை. தலையாட்டினேன்.

அன்று முழுவதும் எனக்குத் தையல் கோணிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், வீடு பூட்டியிருந்தது.

"இன்னும் வர்லியேமா," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அண்ணனிடம் போன் கிடையாது. பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள் என்று அவனே வேண்டாம் என்றுவிட்டான். நான் ஓடினேன். பாலத்துக்குப் போகும் ரோட்டில் ஒயின் ஷாப். அதை ஒட்டிய பாருக்குள் அதுவரை நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அன்று உள்ளேயே போய்விட்டேன். குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரைத் தேடற?"

"எங்கண்ணன. கூட ஒரு சின்னப் பொண்ணு இருக்கும்."

"கொயந்தைய யாருமா இங்க இட்டுனு வருவாங்க?" என்றார் ஒருவர்.

ஆனாலும் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். மகளின் மஞ்சள் பள்ளிக்கூடப் பை கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். அங்கே இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை. ஆறுதான் ஞாபகம் வந்தது. எப்போதும் வறண்டு கிடக்கும் அதில் நான்கு நாளாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தைப் பார்த்து ஓடும்போதுதான், தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் வரும் மண் பாதையில் இருவரும் தெரிந்தார்கள். அவன் தோளில் அவள். அவளுடைய ஷூக்கள் அவன் கையில்.

அவளை இறக்கி அணைத்துக்கொண்டேன். பிறகு, குழந்தை பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல், அவன் முகத்துக்கு நேராக மூக்கை நீட்டினேன். அவன் மூச்சு விட்டான். வெறும் வியர்வை வாடை.

"எங்கணா போன?" அவன் நெஞ்சில் குத்தினேன்.

"பஸ்ல என் பழைய தோஸ்த் ஒருத்தன் ஏறிட்டான். தோள்ல கை போட்டு வாடான்னான். பயந்து பாதியிலயே எறங்கிட்டேன்."

"அடுத்த பஸ்ஸ புடிக்கிறதுக்கு இன்னா?"

"அந்த ஸ்டாப்புக்கு எதிர்லயே ஒரு பிராந்திக் கடைமா. நிக்க முடியல. கை நடுங்குது. அதான் கடை இல்லாத வழியா பாத்துப் பாத்து சுத்தி வந்தேன்."

 ஷூக்களை வாங்கிக்கொண்டு அவன் கையைப் பிடித்தேன். வீடு வரைக்கும் விடவில்லை.

மாமியார் வர இன்னும் சில நாள் ஆனது. மறுநாளும் அவனைத்தான் அனுப்பினேன். மிஷினில் உட்கார்ந்திருந்தபோது அதே பயம்தான். ஆனால் அதற்குப் பிறகு, குடிக்கத் தோன்றும் நாளில் அவனே வந்து சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"இன்னிக்கு என்ன அனுப்பாத. மனசு ஒரு மாதிரியா கீது."

நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன். கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, நானும் அவனும் மொச்சைக்கொட்டை உரித்தபடி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம்.