மிதந்து வந்த மலை

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மாத்திரை ஆரம்பித்த புதிது. ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு படுப்பேன். கனவில் செஞ்சி மலைப் பாறைகள் பஞ்சு மாதிரி மிதந்து எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்கு வரும். மேலே, முகமெல்லாம் மஞ்சள் பூசிய ஒருத்தி உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். விடிந்த பிறகும் அந்தக் குரல் காதிலேயே இருக்கும். தலை லேசாகச் சுற்றும்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தங்கச்சி. "அங்காளம்மாதான் கூப்பிடுறா அக்கா. அமாவாசை வரைக்கும் விரதம் இரு. விரதத்துல மாத்திரை ஆகாது" என்றாள். எனக்கும் அப்படியே பட்டது. டப்பாவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

நல்லவேளை, அன்று மதியமே மாத்திரை தரும் சென்டரிலிருந்து ஆலோசகர் அம்மா போன் செய்தார். தயங்கித் தயங்கி எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சிலருக்கு ஆரம்பத்துல இப்படிக் கனவு வரும்மா, போகப்போகக் குறையும். நீங்களா நிறுத்தினா அப்புறம் மருந்து கேக்காமப் போயிடும். இன்னிக்குப் போட்டுக்குங்க. நாளைக்கு வாங்க, டாக்டரைக் கேட்டு நேரத்தை மாத்திக்கலாம். கோயிலுக்கும் போங்க, மாத்திரையோட!"

டாக்டர் காலையில் போடச் சொன்னார். கனவு மெல்லக் குறைந்து நின்றுபோனது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்குப் போனபோது பையில் கற்பூரத்தோடு டப்பாவும் இருந்தது. இப்போது உடம்பில் எது புதிதாகத் தெரிந்தாலும் முதல் போன் சென்டருக்குத்தான்.

காலையில் வாசலில் நின்று மாத்திரையை விழுங்குகிறேன். எதிரே மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது மிதந்து வராததில் எனக்குக் கொஞ்சம் ஏக்கம்கூட.

- பெயர் வேண்டாம், செஞ்சி