அண்ணன் விசாரித்த மாப்பிள்ளை

என் அண்ணன் எடுத்த படத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவளுக்குச் சிரிக்கவே தெரியாது, உம்மணாமூஞ்சி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. முக்கால் படம் வரைக்கும் அந்த அரங்கில் அதிகமாகச் சிரித்தது நானாகத்தான் இருக்கும்.

படத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஓசியில் விளம்பரம் கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. ஈப்போவில் ஒரு சலவைக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் துப்பறிவாளனின் கதை அது. தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போவான். போன வீட்டில் கறிப் பிரட்டல் போட்டால் வயிறார உண்டுவிட்டு, ஆடு கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுப்பான். டுரியான் திருடனைப் பிடிக்க மரத்தடியில் ஒளிந்திருந்து தூங்கிப்போவான். யாரையாவது பின்தொடர்ந்தால், அந்த ஆளே நின்று திரும்பி, "வழி தெரியலையா அண்ணே?" என்று கேட்பார்.

எழுதியது, இயக்கியது, துப்பறிவாளனாக நடித்தது எல்லாம் அண்ணன்தான். வார நாட்களில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறுகளில் படப்பிடிப்பு. கேமரா இரவல், விளக்குகள் கல்யாண வீடியோக்காரர் ஒருவருடையவை. துப்பறிவாளன் போட்டிருக்கும் நீள மழைக்கோட்டு என் வீட்டுப் பழைய ஜன்னல் திரை. நான்தான் வெட்டித் தைத்தேன். அலுவலகமாக வருவது ஈப்போவை அடுத்த லகாட்டில் என் வீட்டு முன்னறை. வாரம் முழுக்கக் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாம் என்றால், விடியும் முன்பே எழுந்து படக் கூட்டத்துக்குச் சம்பல் வைத்து நாசி லெமாக் சோறு கட்டுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்காகச் செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன்.

கடைசியில் குரலும் கொடுத்தேன். இந்த மாதிரிப் படங்களில் பேச்சைப் பிறகுதான் பதிவு செய்வார்கள். படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் சத்தம், சேவல் சத்தம் எல்லாம் விழுந்திருக்கும். துப்பறிவாளனின் தங்கச்சியாக நடித்த பெண் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் வாயசைவுக்கு நான் பேச வேண்டும். என் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்துவைத்து, சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்தோம். அண்ணன் அந்தப் பெண் பேசும் துண்டுகளை மட்டும் காட்டினார். முன்னே பின்னே என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டார்.

"கதைய இப்பவே கேட்டா எப்பிடி? தியேட்டர்ல பாரு. அப்பத்தான் சிரிப்பு வரும்."

ஒரு வரியைப் படித்தபோது மட்டும் நான் நிமிர்ந்து பார்த்தேன். 'அண்ணன் விசாரிச்சிட்டா எனக்குப் போதும்.'

"இது நான் சொன்னதுலா?" என்றேன்.

"எல்லாத் தங்கச்சியும் சொல்றதுதானேம்மா," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்துப் படத்தில் சேர்த்திருக்கிறார் பார் என்று பெருமைப்பட்டேன். அந்த வரியை நன்றாக, மனசிலிருந்து சொன்னேன். மின்விசிறியை முழுசாக நிறுத்தவில்லை போலிருக்கிறது, பின்னால் லேசாக ஒரு இரைச்சல் விழுந்திருந்தது. பரவாயில்லை, யாருக்குக் கேட்கப் போகிறது என்றார் அண்ணன்.

அந்த வரியை நான் முதலில் சொன்னது எனக்கு இருபத்து நான்கு வயதில். அப்பா இல்லை. அவர் இடத்தில் அண்ணன் இருந்தார். எனக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பாரிட் புந்தாரில் வேலை. அவர்கள் குடும்பம் முன்பு பாகான் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஜாதகம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், வீட்டு ஆண் ஒருவர் மாப்பிள்ளையின் தோட்டத்துக்குச் சத்தமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைக் கேட்பார்கள், கடைக்காரரைக் கேட்பார்கள், பக்கத்து லயத்து வீடுகளைக் கேட்பார்கள். நாலு பேரிடம் கேட்டால் ஒருவராவது உண்மையைக் கக்கிவிடுவார்.

அண்ணன் போன காலத்தில் அந்தத் தோட்டமே இல்லை. ரப்பர் மரத்தை எல்லாம் வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிச் சிதறிப்போனார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. வருஷத்தில் ஒரு நாள், திருவிழா அன்று, எல்லோரும் காரேறித் திரும்பி வருவார்கள். விசாரிக்க வேண்டுமென்றால் அந்த நாள்தான். அண்ணன் அந்த நாளில் போனார். சாயங்காலம் திருநீறும் அன்னதானப் பொட்டலமுமாகத் திரும்பினார்.

"தங்கமான பையன்லா. நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். அத்தன பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அந்த வரியைச் சொன்னேன்.

அந்தத் தங்கத்துக்கு ஏற்கனவே வேறொரு பெண்ணோடு தொடர்பும் அவள் வழியாக ஒரு குழந்தையும் இருந்தது முதல் தீபாவளிக்குத் தெரிந்தது. அந்தத் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை தடித்தால் போதும், அந்தப் பெண் வீட்டுக்குத்தான் ஓடுவார். அந்தக் கூத்தைக் கொஞ்ச வருஷம் சகித்துப் பார்த்துவிட்டு, ஒரு பையோடு வெளியே வந்தேன். வேனை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிப் போனவர் அண்ணன். வழி முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கச்சியின் மனசு நோகக் கூடாதென்று கேட்காமல் வருகிறார், இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தபடி அழுதுகொண்டு வந்தேன்.

என் கோபமெல்லாம் அந்தத் தோட்டத்து ஆட்கள் மேல்தான். ஒரு தோட்டமே ஒன்று சேர்ந்து, விசாரிக்க வந்த அப்பாவியை ஏமாற்றி அனுப்பிவிட்டதே என்று எத்தனையோ வருஷம் வயிறெரிந்தேன். பாகான் செராய் என்று சாலைப் பலகையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அண்ணனைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

படம் ஈப்போவில் ஒரு சாயங்காலக் காட்சி. சொந்தக்காரர்கள், அண்ணனின் வேன் ஆட்கள், நடித்தவர்களின் குடும்பங்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. நான் கிளினிக்கில் அரை நாள் லீவு போட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மழைக்கோட்டு திரையில் வந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அக்காவிடம், "நான் தச்சது," என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வழக்கு துப்பறிவாளனின் சொந்த வீட்டில். தங்கச்சிக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறான். கச்சாங் பூத்தே விற்கிறவன் வேஷத்தில், தலையில் கடலைத் தட்டோடு, செம்பனைக் காட்டுக் கோயில் திருவிழாவுக்குப் போகிறான். வாசலில், கோயில் தலைவர் என்று சட்டையில் பட்டை குத்திய ஒருவர், பெரிய மீசை. "அண்ணே, இந்தப் பையன் எப்பிடி?" என்று கேட்கிறான். "தங்கம்லா!" என்று அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, மோர் கொடுத்து, "நான் மட்டும் சொன்னா நம்பாத, இவரையும் கேளு," என்று அடுத்தவரிடம் கூட்டிப்போகிறார். அவருக்கும் அதே மீசை. அடுத்தவருக்கும் அதே மீசை. நாலாவதாக ஒரு பாட்டி, அவளுக்கும் லேசாக மீசை. துப்பறிவாளன் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாலு சாட்சி! வழக்கு முடிஞ்சிருச்சு!" என்கிறான். எல்லோரும் மாப்பிள்ளையின் ஒரே குடும்பம், முதல் மீசைக்காரர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அரங்கு அதிர்ந்தது. நான் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போது அந்தப் பெண்ணின் முகம் திரையில் வந்தது. என் குரல் பேசியது. "அண்ணன் விசாரிச்சிட்டா எனக்குப் போதும்."

இவ்வளவு நேரம் வந்த சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை. ஆட்கள் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். என் வாய் இன்னும் சிரித்தபடிதான் இருந்தது, அதை மூட எனக்குத் தெரியவில்லை. திருவிழா, நாலு பேர், தங்கம், என் குரல். ஒவ்வொன்றாக விளங்கியது. தோட்டம் ஏமாற்றவில்லை. இந்த மனிதர் வாசலில் நின்ற முதல் ஆளையும், அந்த ஆள் காட்டியவர்களையும்தான் கேட்டிருக்கிறார். அந்த ஆள் மாப்பிள்ளைக்கு என்ன உறவு என்றுகூட யோசிக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் மன்னித்திருப்பேன். தப்பு யாருக்கும் வரும். ஆனால் படம் கல்யாண மேடைக்குப் போனது. பெண் பார்க்கவும் பரிசம் போடவும் வராத தாய்மாமன், மாப்பிள்ளைக்கு மாலை போட மேடையேறுகிறார். துப்பறிவாளன் மீசையைப் பார்க்கிறான். விஷயம் புரிந்து, நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறக்கிறான். யாரோ அதில் ஒரு லட்டைத் திணிக்கிறார்கள். கெட்டிமேளம். அவன் விக்கிக்கொண்டு நிற்க, தாலி ஏறுகிறது.

என் கல்யாணத்தில் லட்டு இல்லை. அண்ணன் அட்சதைத் தட்டோடு குத்துவிளக்குப் பக்கம் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா மேடையேறினார். அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாத ஆள். அண்ணன் கையிலிருந்த தட்டு ஆடி, மஞ்சள் அரிசி கம்பளத்தில் கொட்டியது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணன் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மறுபடி தலையைக் குனிந்துகொண்டேன். தங்கச்சியைப் பிரியப் போகிறார், அழுகிறார் என்று நினைத்தேன். அண்ணன் அழுத கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

படம் முடிந்ததும் ஆட்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு போட்டோ எடுத்தார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார், கையில் மைக்கும் ஒயர்ப் பையுமாக. பாரிட் புந்தாரிலும் பாகான் செராயிலும் மண்டபம் எடுத்துப் படத்தைப் போடப் போகிறாராம். ஒரு வரியில் விசிறி இரைச்சல் கேட்கிறதாம். திரும்பப் பேசிக் கொடுக்க வேண்டுமாம். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. அவர் என் அறைக்குள் போய், பழையபடி மெத்தையை ஜன்னலில் சாய்த்தார். விசிறியை நிறுத்தினார்.

"அண்ணே, ஒன்னு கேக்கறேன். மேடையில அந்த மாமாவப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"படம்லா அது. ஆளுங்க சிரிக்கிறதுக்கு."

"தெரிஞ்சிருச்சா, இல்லையா?"

ஒயரைச் சுற்றினார், பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"மண்டபம் நெறைய ஆளு. அம்மா முன்னால ஒக்காந்திருக்காங்க. மேளக்காரன் கைய ஓங்கிட்டான். அந்த நேரத்துல என்னத்த சொல்றது? ஒருவேள நல்லவனாவே இருந்துட்டா?"

"நான் ஒங்களப் பாத்தேன். தலையாட்டுனீங்க."

"நீ பாத்துட்ட. வேற என்ன செய்யறது?" ஒயரைக் கீழே வைத்தார். "யாருகிட்டயும் சொல்ல முடியலம்மா. இத்தன வருஷமா சூசாவா, மனசுக்குப் பாரமா இருந்துச்சு. சிரிப்பா எழுதுனாத்தான் வெளிய வந்துச்சு."

"என்கிட்ட சொல்ல வாய் வரல. ஊருக்கே டிக்கெட் போட்டுச் சொல்ல வந்துச்சா?"

எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. என் முன்னறையில் உட்கார்ந்து, என் சம்பலைச் சாப்பிட்டு, என் திரைத்துணியைப் போட்டுக்கொண்டு, என் வாழ்க்கையை என் வாயாலேயே சிரிப்பாக்கியிருக்கிறார். வேனில் அவர் ஒரு கேள்வி கேட்காமல் வந்ததைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவருக்குக் கேட்க என்ன இருந்தது? எல்லாம் தெரியுமே.

அண்ணனும் அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வரிய மட்டும் ஒருக்கா சொல்லிரும்மா. மண்டபத்துக்குச் சொல்லிட்டேன்லா."

"அந்த வார்த்தைய ரெண்டு தடவ சொல்லியிருக்கேன் அண்ணே. ரெண்டு தடவையும் ஒங்கள நம்பித்தான் சொன்னேன்."

எழுந்து போய் விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாகான் செராயில் படத்தைப் போட்டார்கள். என் குரல் பழையபடி, விசிறி இரைச்சலோடு, அப்படியே இருந்ததாம். அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம் என்று போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.