அக்காவும் மாமாவின் பழைய காரும்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. அதற்காக அச்சிடும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். கடிதம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அதையும் அக்காவுக்கு மட்டுமே எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சித்தேரி மலையில். வனக்காவலராக அங்கே போன எங்கள் தந்தையார், வேலை முடிந்த பின்னும் மலையை விட்டு இறங்கவில்லை. கொஞ்சம் நிலம் திருத்திச் சாமை விதைத்தார். அவர் காலமானபோது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அரூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அக்கா புத்தகத்தை மூடிவிட்டு மலைக்குத் திரும்பினார். அம்மாவோடு சேர்ந்து களை எடுத்தே என்னை வளர்த்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பொம்மிடி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஓடாத வண்டியைக் கண்டால் மட்டும் நின்றுவிடுவார். அரூர்ப் பக்கம் ஜமீன் போல வாழ்ந்த ஒரு மிட்டாதார் வீட்டுக் கொட்டகையில் வெகுகாலம் கிடந்த பழைய காரை வாங்கி, மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை போட்டு அதை நிறுத்தினார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமா அதற்கு அடியில்தான்.

அக்கம்பக்கத்துப் பெண்கள், "உங்க வூட்டுக்காரரு அந்த இரும்பையே கட்டிக்கிட்டு அழுவறாரே, நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?" என்பார்களாம்.

"சொல்லி என்னாத்துக்குங்க? வேலை முடிஞ்சதும் நேரா வூட்டுக்குத்தானே வர்றாரு" என்பார் அக்கா.

மோர்ச்சட்டியில் போல்ட்டுகள் ஊறுவதையும், நல்ல வேட்டி கிரீஸ் துணியாவதையும் அக்கா பொறுத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான். அந்தக் காரில் உட்கார்ந்து சித்தேரிக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும். மலைக்கு அப்போது பஸ் கிடையாது, வனத்துறை ஜீப் ஏறும் மண்பாதைதான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மாமா, "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குது, பிரேக் சரியா நிக்கல" என்பார். கார் பொம்மிடித் தெருவில் ஓடத்தான் செய்தது. மாமாவுக்குத்தான் திருப்தி வரவில்லை. மறுபடியும் இஞ்சினைப் பிரித்துப்போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா படுத்தார். அரூருக்கு ஆளனுப்பித் தந்தி கொடுத்தேன். அது கிடைத்தபோது கார் நாலு சாக்குகளில் பரப்பிக் கிடந்தது. அக்காவும் மாமாவும் பஸ் பிடித்து அரூர் வந்து, மறுநாள் அடிவாரத்திலிருந்து நடந்தார்கள். அக்கா முன்னால், மாமா பின்னால். உச்சி வேளைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா அன்று காலையிலேயே போய்விட்டார்.

"என்னைக் கேட்டாங்களாடா?" என்றார் அக்கா.

"கேட்டாங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. "காரு சத்தம் கேக்குதா பாரு" என்று அம்மா இரண்டு நாளாய் என்னை வாசலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அதை அக்காவிடம் கடைசிவரை நான் சொல்லவே இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த இடத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "இருக்கட்டும், எடுக்காதே" என்றார்.

அதன்பின் மாமா காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஒரு வருடம் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே போய்த் தார்ப்பாயை இழுத்துப்போட்டு, மண்ணெண்ணெயில் போல்ட்டுகளைக் கழுவ உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு மனசு வரலம்மா" என்றாராம் மாமா.

"பிரிச்சதை மாட்டுங்க. எங்கம்மா வூட்டுக்குப் போவணும் நான்."

"அங்க இப்ப யாரு இருக்கறா?"

"எந்தம்பி இருக்கறான்."

அடுத்த தை மாதம் நான் களத்தில் சாமைக் கதிரைப் போரடித்துக்கொண்டிருந்தபோது பள்ளத்தில் இஞ்சின் சத்தம் கேட்டது. ஜீப் சத்தம் இல்லை அது. கார் வாசலில் நின்றதும் அக்கா இறங்கி, நேரே உள்ளே போய், அம்மா படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். "வந்துட்டேம்மா" என்றார். மாமா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அக்காதான் திரும்பிப்போய், கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு தைக்கும் இருவரும் அந்தக் காரில் வந்தார்கள். குழந்தை இல்லாத அவர்களுக்கு அந்தப் பயணம்தான் திருவிழா.

நாற்பது வயதைத் தொடும் முன்பே அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தருமபுரி மருத்துவமனையில் சேர்த்தோம். வைத்தியத்துக்காக மாமா காரைச் சேலத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று எங்களுக்கும் கட்டளை. ஒரு நாள் மாமா டீ வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வண்டியக் குடுத்துட்டாரு இல்ல?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அவரு நகத்தைப் பாரு தம்பி, எவ்வளவு சுத்தமா இருக்குது. எனக்கு அதைப் பாக்கவே முடியல." சற்று மூச்சு வாங்கினார். "நான் போனப்புறம் அவரைச் சும்மா உக்கார விடாதே. ஓடாத வண்டி எதாவது பாத்து வாங்கிக் குடு."

அக்கா படுத்திருந்த மூன்று மாதமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த ரயில்வே குடியிருப்புப் பெண்களுக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாமாவின் வேலையைத் தாங்கிக்கொண்ட உடன் ஊழியர்களுக்கும், மலையிலிருந்து நடந்து வந்து காரியத்தில் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காலிக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மலர் சென்று சேரும் வீடுகளில் ஓடாத பழைய டிராக்டரோ காரோ கிடந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். எவ்வளவு பழுதானாலும் பரவாயில்லை. சீக்கிரம் முடிந்துவிடாத வேலையாக இருந்தால் நல்லது.