வளனின் மூடிய கை

சங்கு குளிக்கக் கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் தூத்துக்குடிக் கரை வழக்கம். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து நினைப்பில் கை தளர்ந்துவிடுமாம். மச்சான் என்றால் தன் சகோதரியின் தாலியை நினைத்து இறுகப் பிடிப்பானாம். இதை முதலில் யோசித்தவன் அண்ணன் தம்பிகளிடம் நன்றாகப் பட்டவனாக இருக்க வேண்டும்.

அப்படித்தான் வளன் தன் அக்காள் அமலோற்பவத்தின் கணவன் ரோச்சுக்கு, மீசை முளைத்த நாளிலிருந்து கயிறு பிடித்தான். வள்ளத்தில் மற்றவர்கள் வெற்றிலை மென்று ஊர்க்கதை பேசுவார்கள். இவன் வாயே திறக்கமாட்டான். கீழே இருப்பவன் மூச்சு முட்டியதும் கயிற்றை ஒரு தடவை வெட்டி இழுப்பான். அதை நாங்கள் இழுப்பு என்போம். இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். வராமல் தூக்கினால் அள்ளிய சங்கெல்லாம் கொட்டிப்போகும், மேலே வந்தவனிடம் வண்டி வண்டியாக வசவும் கிடைக்கும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மாசி மாதத்தில் ஒரு நாள், இழுப்பு வரவில்லை. வளன் காத்திருந்தான். கடைசியில் பக்கத்தில் இருந்தவர்கள் அவன் பிடிக்குக் கீழே கயிற்றைப் பற்றித் தூக்கினார்கள். வெறும் கயிறு வந்தது. ரோச்சின் உடல் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. ஆளில்லாத பெட்டிக்குத்தான் பூசை நடந்தது.

வளனின் வலது கையிலிருந்த கயிற்றை அறுத்து உருவினார்கள். ஆனால் விரல்கள் மூடியது மூடியபடி இருந்தன. அதோடு நிற்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கை ஒரு தரம் துடித்துக் கீழ்நோக்கிப் போகும். "ரோச் இழுக்கான்" என்று பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விலகிப் போவார்கள். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். அவன் வந்தால் நானும் வேறு தெரு வழியாகப் போனேன்.

அவன் அக்காள் வீட்டில்தான் இருந்தான். அமலோற்பவம் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் குசினிக்குள் போய்விடுவாள். தம்பி கண்ணயர்ந்துவிட்டான், அதனால்தான் புருஷனை இழந்தோம் என்று அவள் நினைத்தாள். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேய்களைப்போல நடமாடினார்கள்.

நகம் உள்ளங்கையில் புதைந்து சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கத்தில் திறந்த கை, விழித்ததும் மூடிக்கொண்டது. விஷம் மேலே ஏறினால் கையை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அங்கே காயம் கட்டுகிறவர் தாணுலிங்கம், உடன்குடிப் பனங்காட்டுக்காரர். பர்மா எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மருந்து தீர்ந்த நாட்களில் ஒரு டாக்டர் பேசிப் பேசியே சிப்பாய்களின் வலியை அடக்கியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஹிப்னாட்டிசம் என்றார். வசியம் என்றது ஊர். வளனின் கையைத் திறந்து பார்க்கிறேன் என்று அவர் வீடு தேடி வந்தபோது அமலோற்பவம் வாசலிலேயே மறித்தாள்.

"எங்க வேதத்துல வசியம் பாவம், அண்ணாச்சி."

"வசியமில்ல தாயி. ஜெபமால சொல்லுதப்போ வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு ஒரே இடத்துல நிக்கும்லா? குளிக்குத ஆளு மூச்சப் பிடிக்க முன்னால கடல் சத்தம் காதுல விழாம நிப்பாம்லா? அதேதான். ஆண்டவன் எல்லாருக்கும் குடுத்தது. உங்க தம்பி வேண்டாம்னா என்னால ஒண்ணும் நடக்காது."

அவள் வழிவிட்டாள்.

வளனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, செம்புத் தண்ணீரில் வெயில் மினுங்குவதைப் பார்க்கச் சொன்னார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கண் சொருகியது, தோள் தளர்ந்தது. முகத்தில் அப்படி ஓர் அமைதி. ஆனால் அந்தக் கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"கயித்த விடுங்க தம்பி," என்றார்.

கை இன்னும் இறுகியது. விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. பாவம், பனங்காட்டு மனிதர். கயிறு பிடிப்பவனிடம் விடு என்றால் கொல்லு என்று அர்த்தம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

"விடமாட்டேன்," என்று வளன் முனகினான். "இன்னும் இழுப்பு வரல. அத்தான் கீழதான் இருக்காவ."

குசினி வாசலில் நின்ற அமலோற்பவத்துக்கு அது கேட்டது. அன்று வள்ளத்தில் அவன் தூங்கவில்லை. இத்தனை நாளும் தூங்கவில்லை. அவள் துணி காயும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு நுனியைத் தம்பியின் கைமுட்டியில் செருகினாள். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் வெகுநேரம் இழுக்கவில்லை. இழுத்துவிட்டால் ரோச் கடலில் இல்லை என்றாகிவிடும். அவன் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை இழுத்தாள்.

வளன் தூக்கத் தொடங்கினான். இடது கை எட்டிப் பிடித்தது. அடுத்து வலது கை எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்குத் திறந்தாக வேண்டும். திறந்தது. கை மாற்றிக் கை மாற்றி அவன் இழுக்க, நுனியை விடாமல் எழுந்த அமலோற்பவம் ஓரடி ஓரடியாக நடந்து வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். தாணுலிங்கம் பெயர் சொல்லி அவனை மெல்ல எழுப்பினார். வளன் கண் விழித்தான். வலது கை மடியில் விரிந்து கிடந்தது.

ரோச் போனதற்குப் பிறகு அன்றுதான் அவள் தம்பியிடம் பேசினாள்.

"ஏலே, அத்தான்தான் வந்தாவன்னு நெனச்சியா?"

"இல்லக்கா. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. அத்தான் இழுத்தா வெடுக்குன்னு இருக்கும். நீதான்னு தெரியும்."

"தெரிஞ்சுமா தூக்குன? ஏம்லே?"

"நீயும் கீழதானக்கா கெடந்த."

அமலோற்பவம் அந்தப் புண்ணான உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள்.